ஸ்வரம் போன பியானோவுக்கு இன்னொரு வேலை

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பர் கடைசியோடு முடிவுக்கு வந்தது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகைக்குக் குடியிருந்தவர்கள் அதன் பிறகு மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுனை விட்டுக் கிளம்பினார்கள். கடைவீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்று அறைக்குள் அடங்காத சாமான்கள் எல்லாம் தெருவுக்கு வந்தன. பளிங்கு மேசை, பித்தளைக் கட்டில், கண்ணாடி பதித்த அலமாரி, தையல் மிஷின் என்று எது வந்தாலும் வாங்கிக்கொள்ள, ரோப் வாக் என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் ஜாலான் பிந்தால் தாலியில் கடைகள் இருந்தன. லோரோங் கூலிட்டின் காலைச் சந்தையில் இன்றும் அந்தச் சாமான்களின் மிச்சத்தைப் பார்க்கலாம்.

தையல் மிஷினுக்கு நல்ல காலம் பிறந்தது. அதன் இரும்புக் காலின் மேல் பளிங்குப் பலகையைப் போட்டு மேசையாக்காத காப்பிக்கடை இந்த ஊரில் அபூர்வம். பியானோவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இருநூறு, முந்நூறு கிலோ எடை. குறுகிய மரப்படியில் இறக்க நாலு பேர் வேண்டும். இறக்கிய பிறகு வைக்க இடமில்லை, வாங்க ஆளில்லை. "இலவசம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் லாரிக் கூலியை நினைத்து எல்லோரும் பின்வாங்குவார்கள். பிறகு அதைக் கோடரியால் பிளந்து குப்பை லாரியில் ஏற்றுவார்கள்.

கோடரி வேண்டாம் என்பதுதான் என் வாதம். வாசிக்கவே முடியாமல் போன பியானோ நல்ல எழுது மேசையாகும், புத்தக அலமாரியாகும், பாத்திரப் பெட்டகமாகும். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஆனால் அது உண்மையிலேயே வாசிக்க முடியாததுதானா என்று தெரிந்துகொண்ட பிறகே தச்சரைக் கூப்பிட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களால்தான் நல்ல வாத்தியங்கள் வீணாகின்றன.

கப்பலில் வந்த பெட்டி

பியானோ பினாங்குக்கு வந்த வழி எளிது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களா, தேவாலயம், ஓட்டல் கூடம், கன்னிமாடப் பள்ளி ஆகியவற்றில் முதலில் வந்து உட்கார்ந்தது. 1852-இல் தொடங்கிய லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் போன்ற பள்ளிகளில் படித்த பெண்களோடு சேர்ந்து பியானோப் பாடமும் வீடுகளுக்குள் போனது. பெரனாக்கான் சீனக் குடும்பங்களுக்கு வரவேற்பறையில் ஒரு பியானோ இருப்பது அந்தஸ்தின் அடையாளம். ஐரோப்பாவிலிருந்து வந்தவை சில. மீதி, சிங்கப்பூரில் கடை வைத்திருந்த ராபின்சன் பியானோ கம்பெனி, ஷாங்காயின் மூட்ரி போன்ற கிழக்காசிய வியாபாரிகள் விற்றவை. வெப்ப நாடுகளுக்கென்றே செய்தது என்பது அந்தக் காலத்து விளம்பரங்களின் வழக்கமான வாசகம். வெறும் பசையை நம்பாமல் மூட்டுகளில் பித்தளைத் திருகாணியும் போட்டிருப்பார்கள் என்பதே அதன் பொருள்.

தமிழர் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் ஹார்மோனியம். நாடகக் கம்பெனிகளோடும் பஜனை மடங்களோடும் கடல் கடந்து வந்த பெட்டி அது. அதன் கதை வேறு, பிறகு வருகிறேன்.

பினாங்கின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காலத்துப் பியானோக்களை ஒட்டிவைத்தது வச்சிரப் பசை. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஈரத்தில் அது மெல்ல இளகும். கடற்காற்று எஃகுத் தந்தியில் துருவை ஏற்றும். சுத்தியலின் கம்பளி ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும். பின்பக்கத்துத் தூண்களில் கரையான் ஏறும். பகலில் சன்னல் திறந்து இரவில் ஏர்கான் போடும் வீட்டில் மரம் ஒரே நாளில் ஊதிச் சுருங்குகிறது. ஒலிப்பலகை வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் டியூனர், பிறகு தச்சர்

கட்டையை அழுத்தினால் திரும்பி எழவில்லை, நாலைந்து தந்தி அறுந்திருக்கிறது, சத்தம் அபஸ்வரமாக இருக்கிறது என்பவை எல்லாம் நோயே தவிர சாவு இல்லை. ஈரத்தில் ஊதிய கட்டையை, சுருதி சேர்க்கும் டியூனர் சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். பூச்சி தின்ற ஃபெல்ட்டை மாற்றலாம்.

வேறு மூன்று குறைகள் கண்டால் நம்பிக்கை குறையும். முதலாவது, சுற்றாணிப் பலகை. வீணையில் பிரடை செய்யும் வேலையைப் பியானோவில் இருநூற்றுச் சொச்சம் எஃகு ஆணிகள் செய்கின்றன. அவை இறுகி நிற்கும் பலகை பிளந்துவிட்டால் இன்று சுருதி சேர்த்தது நாளைக்கு இறங்கிவிடும். இரண்டாவது, உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல். மூன்றாவது, பின்தூண்களை உள்ளுக்குள் கரையான் தின்றுவிட்டிருப்பது. விரலால் தட்டினால் பொத்தென்று கேட்கும்.

இவற்றையும் சரிசெய்யும் கைகள் உலகில் இருக்கின்றன. ஆனால் செலவு இடிக்கும். 1980-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஜப்பான் ஏறக்குறைய 4 லட்சம் பியானோக்களைச் செய்தது. அந்தத் தலைமுறைப் பியானோக்கள் பழையதாகி, புதுப்பிக்கப்பட்டு, இப்போது நம் ஊர்க் கடைகளில் நிற்கின்றன. ஒரு நூற்றாண்டு கண்ட மூட்ரியை மீட்கும் காசுக்கு அவற்றில் ஒன்றை வாங்கிவிடலாம் என்றால் குடும்பங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெயர் பெற்ற இசைக்கலைஞர் வாசித்தது, பள்ளியின் அல்லது தேவாலயத்தின் வரலாற்றோடு சேர்ந்தது என்று ஆதாரம் இருந்தால் அது வாசிக்க முடியாததாக இருந்தாலும் கைவைக்கக் கூடாது. இசைக்கலைஞர் பி. ராம்லி 1929-இல் பிறந்த மண் இது. அவர் பிறந்த வீடே இன்று நினைவகமாக நிற்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய வாத்தியத்தின் பூர்வீகத்தை விசாரிக்காமல் அறுப்பது பெரிய தவறு.

திறந்து பார்த்தால்

நிமிர்ந்து நிற்கும் பியானோவின் முழங்கால் பக்கத்துப் பலகையைக் கழற்றத் திருப்புளி கூட வேண்டாம். மேலே இருக்கும் இரும்புப் பட்டையை விரலால் உயர்த்தினால் பலகை கையோடு வரும். உள்ளே தூசு, நாப்தலீன் உருண்டை, பென்சில், பழைய சென் காசுகள் என்று ஒரு குடும்பத்தின் கைதவறியவை எல்லாம் கிடக்கும். மேல் மூடியைத் திறந்து முன்பலகையை எடுத்தால் 88 சுத்தியல்களும் ஒரே சட்டத்தில் வரிசையாக நிற்பதைக் காணலாம். சில குமிழ்த் திருகுகளைக் கழற்றினால் சட்டம் முழுவதும் ஒரே துண்டாக வெளியே வரும்.

அடுத்து கட்டைகள். வெளியே தெரிவது ஒரு சாணுக்கும் குறைவான நீளம். இழுத்து எடுத்தால் அதைவிட அதிகம் உள்ளே மறைந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றிலும் 1 முதல் 88 வரை எண் குத்தியிருக்கும். முதல் கட்டையின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். சுருதி சேர்க்க வந்தவர்கள் பென்சிலால் பெயரும் தேதியும் கிறுக்கி வைப்பது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். வீட்டுக்காரர்களே பார்த்திராத எழுத்து அது.

தந்திகளிடம் மட்டும் விளையாடக் கூடாது. எல்லாத் தந்திகளும் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் விசை 18 முதல் 20 டன். ஒரு தந்தியை இடுக்கியால் வெட்டினால் அது சாட்டையாகச் சுழன்று கண்ணைப் பறிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தினால் இழுவை ஒருபுறமாகச் சாய்ந்து வார்ப்பிரும்பே பிளக்கலாம். சுருதிச் சாவியால் ஒவ்வோர் ஆணியையும் கால் சுற்று, அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணி வரை போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரை நாள் பிடிக்கிற வேலை. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதன் பிறகு பியானோவை மரக்கட்டைகளின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, பெரிய திருகுகளைக் கழற்றி, மூன்று நாலு பேராக இரும்புச் சட்டத்தைத் தூக்கி எடுப்பார்கள். பியானோவின் பாரத்தில் கணிசமான பங்கு அத்தோடு போய்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியே ஆக வேண்டும். கட்டைகளின் பக்கவாட்டில் எடைக்காகப் பதித்த வட்டங்கள் ஈயம். பழசானால் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி நஞ்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்கவும் கூடாது. மற்றொன்று, வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு. பழைய ஐரோப்பியப் பியானோக்களில் அது யானைத் தந்தம். அகன்ற முன்பகுதியும் ஒடுங்கிய பின்பகுதியும் தனித்தனித் துண்டாக, நடுவில் மயிரிழை மூட்டோடு இருந்தால் பெரும்பாலும் தந்தம்தான். ஒரே துண்டாக இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக். உலக அளவிலான தந்த வணிகத்துக்கு 1989-இல் தடை வந்தது. ஆகவே அந்தக் கட்டைகளைப் பிய்த்து விற்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நல்ல பழைய பியானோக்களில் கறுப்புக் கட்டைகள் கருங்காலி. நல்ல கருங்காலிக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் பெயர் பெற்றவை என்பதை நினைத்தால், மேல்நாட்டுப் பெட்டிக்குள்ளும் நம் காட்டு மரம் ஒளிந்திருக்கலாம் என்று தோன்றும்.

மேசைக்கென்றே அளவெடுத்தது போல

பியானோவின் கட்டை தரையிலிருந்து ஏறக்குறைய 73 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல எழுது மேசையின் உயரமும் அதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவரின் முழங்கை எங்கே வருமோ அங்கேதான் இரண்டுமே வர வேண்டும். அதனால் மாற்றத்துக்குப் பெரிய அறுவை தேவைப்படுவதில்லை. கட்டைகளை எடுத்த இடத்தில், அவற்றின் மேல்மட்டத்துக்குச் சரியாக ஒரு பலகையைப் பதித்தால் மேசை. சுத்தியல் சட்டம் போன இடமும் சேர்ந்து கொடுப்பதால் மடிக்கணினியும் விளக்கும் வைக்கத் தாராளமான ஆழம் கிடைக்கும். முன்மூடியைக் கழற்றி எறியாதீர்கள். தங்க எழுத்தில் கம்பெனி பெயர் இருப்பது அதில்தான். வேலை முடிந்ததும் மடிக்கணினியின் மேல் அப்படியே மூடிவிடலாம். இசை நோட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கி ஐபேட் தாங்கியாகும். பழைய மெழுகுவர்த்திக் கைகள் இருந்தால் சிறிய மின்விளக்கு பொருத்தலாம்; துளைக்காமல் பொருத்த வேண்டும்.

அலமாரியாக்கினால் கவனிக்க வேண்டியது வேறு. பெட்டியின் அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளத்துக்கு நடுத்தாங்கல் இல்லாமல் ஒரே பலகையை விட்டு, அதில் புத்தகம் அடுக்கினால் வயிறு தொங்கிவிடும். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை அவசியம். கட்டைகள் உட்கார்ந்திருந்த தடித்த தளத்தையும் எடுத்துவிடக் கூடாது. இரண்டு பக்கங்களையும் இழுத்துப் பிடிப்பதே அதுதான். பின்சுவராக ஒலிப்பலகையையே விட்டுவிடுங்கள். நேர்கோட்டில் நெருக்கமாக ஓடும் ஸ்ப்ரூஸ் மர ரேகைக்கு முன் எந்தப் பிளைவுட்டும் நிற்காது.

பழைய பியானோக்களின் மினுமினுப்பு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. அதைச் சுரண்டாமல் மேலேயே புதுப் பூச்சுக் கொடுக்கலாம். மேல்தகடாக ஒட்டிய ஈட்டி மரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். மிஷின் வைத்துத் தேய்த்தால் ஓட்டையாகிவிடும். சூடான காப்பிக் குவளையை அரக்குப் பூச்சில் நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும். மேசைப்பகுதிக்கு ஒரு கண்ணாடி போடுவது நல்லது.

இந்த ஊரில் ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பழைய கடைவீட்டுச் சுவர்கள் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அலமாரி சாயாமல் இருக்கச் சுவரோடு பிணைக்க நினைத்து சிமெண்ட் சுவருக்கான ஆணியை அடித்தால் சாந்து பொலபொலவென உதிரும். அதற்கேற்ற பிடிப்பு தெரிந்தவரிடம் விடுங்கள். அடியில் பித்தளைச் சக்கரங்களை அப்படியே வைத்திருங்கள். மரம் தரையைத் தொடாதவரை கரையானைக் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம்.

செருப்பு அலமாரியாக மட்டும் ஆக்க வேண்டாம். சரஸ்வதி பூஜையன்று வாத்தியத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வளர்ந்த நமக்கு அது மனம் ஒப்பாது, ஒப்பவும் வேண்டியதில்லை.

எரித்தவர்களும் காத்தவர்களும்

இது இன்று தோன்றிய ஆசை இல்லை. பெட்டி போல நீள்சதுரமாக இருந்த சதுரப் பியானோ 19-ஆம் நூற்றாண்டில் வீடுகளை நிறைத்திருந்தது. நிமிர்ந்த பியானோ வந்ததும் அதை யாரும் சீண்டவில்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எழுது மேசையாகவும் ஒப்பனை மேசையாகவும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிறையப் பேர் மாற்றிக்கொண்டார்கள். பழம்பொருள் கடைகளில் இன்றும் அவை கிடைக்கின்றன. மறுபக்கம், 1904-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பியானோ வியாபாரிகள் சதுரப் பியானோக்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். பழசு ஒழிந்தால்தான் புதுசு விற்கும் என்பது கணக்கு. மேசையாக்கியவர்கள் புண்ணியவான்கள் என்று எனக்குப் படுவது அந்தத் தீயை நினைக்கும்போதுதான்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ராஸ் போலெட்டர் என்ற இசைக்கலைஞர் வெயிலிலும் மழையிலும் சிதைந்த பியானோக்களை அப்படியே வாசிக்கிறார். ஓர் ஆலிவ் தோட்டத்தில் அவற்றுக்கென்றே புகலிடம் இருக்கிறது. சிதைவின் ஒலியே அவருக்கு இசை. ஜார்ஜ்டவுன் கடைவீட்டில் அதற்கு இடமில்லை என்றாலும், பயனற்றது என்று எதையும் சீக்கிரம் முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பழசுக்குப் புது வேலை கொடுப்பது இந்த ஊருக்கு நன்றாகப் பழகிய வித்தை. 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் ஏறுவதற்கு முன்பே, ஒண்டுக்குடித்தனமாகிச் சீரழிந்திருந்த சியோங் ஃபாட் சீ மாளிகையைத் தங்கும் விடுதியாக மீட்டு, 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதை வாங்கியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1947-இல் கட்டிய ஹின் பஸ் டிப்போ 2014 முதல் கலைக்கூடம். அங்கே பஸ் டிப்போவின் அடையாளத்தை யாரும் அழிக்கவில்லை. பியானோ மேசைக்கும் அதே நியாயம் பொருந்தும். பார்த்தவுடன் இது பியானோவாக இருந்தது என்று தெரிய வேண்டும். பெயிண்ட் அடித்து மறைத்தால் சாதாரண மேசைதான் மிஞ்சும். அதற்கு இத்தனை பாடு எதற்கு?

ஹார்மோனியத்தை விட்டுவிடுங்கள்

மிருதங்கத்துக்கு இந்தப் பேச்சே வராது. தோல் தேய்ந்தால் புதுத்தோல் மூட்டுவார்கள். பலாமரக் கட்டை மட்டும் தலைமுறை தாண்டும். வீணைக்கும் மெழுகு மாற்றி மேளம் கட்டினால் மறுபடி வாழ்வு. பழுது பார்ப்பதை நினைத்தே செய்தவை அவை. ஹார்மோனியமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாரிஸில் பிறந்து, கல்கத்தாவில் கைத்துருத்திப் பெட்டியாக மாறி, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஒதுக்கி வைத்தும் சாகாத வாத்தியம் அது. துருத்தியின் தோல் கிழிந்ததற்காகவும், ரெண்டு ரீடு ஊமையானதற்காகவும் அதைப் பூந்தொட்டி மேசையாக்குவது அநியாயம். தோல் மாற்றலாம், பித்தளை ரீடைச் சுரண்டிச் சுருதி சேர்க்கலாம். கோயிலிலோ பஜனைக் குழுவிலோ கேட்டால் வேண்டும் என்பவர் கிடைப்பார்.

நாடக மேடைகளில் நின்ற கால் ஹார்மோனியம் மட்டும் விதிவிலக்கு. மிதித்து வாசிக்கும் அந்தப் பெரிய பெட்டியின் அடிப்பகுதி கரையானுக்குப் போய்விட்டால், மேல்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு மீதியைச் சிறுமேசையாக்கலாம். அப்போதும் ரீடுகளைத் தனியே எடுத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய ரீடுகளின் நாதத்துக்காகவே அவற்றைத் தேடுகிறவர்கள் உண்டு.

பியானோவிலும் மிச்சப்படுவது நிறைய. சுத்தியல் சட்டத்தை எறியும் முன் டியூனரைக் கேளுங்கள். அதே கம்பெனியின் வேறொரு பியானோவுக்கு உதிரிப் பாகமாக அது உயிர் கொடுக்கலாம். பித்தளை மிதிகள் அலமாரிக் கைப்பிடியாகும். உடைந்த கருங்காலிக் கட்டைகள் இழுப்பறைக் குமிழாகும். இரும்புச் சட்டம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். தோட்டத்தில் கொடி படர விட ஆசைப்பட்டால் துரு தடுக்கும் பூச்சு பூசாமல் வெளியே வைக்காதீர்கள், கடற்காற்று சும்மா விடாது. சட்டத்தில் வார்த்திருக்கும் அல்லது அச்சிட்டிருக்கும் தொடர் எண்ணை மட்டும் முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியையும் செய்த ஆண்டையும் கண்டுபிடிக்க அதுவே வழி. அந்தப் படத்தையும், டியூனர்கள் கையெழுத்துப் போட்ட முதல் கட்டையையும் புது மேசையின் இழுப்பறையிலேயே வைத்துவிட்டால் அடுத்து அந்த மேசைக்கு வருகிறவர் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.